பனியனைத் தின்னாத மண்

அன்பு மகளே,

வெள்ளானூரில் அரை ஏக்கர் நிலத்தையும், அதிலுள்ள கிணற்றையும், அந்தக் கிணற்றுத் தவளைகளையும் ஒரு குடையின் கீழ் ஆண்டுவரும் உன் தகப்பன், கோயம்புத்தூரில் புதுக்குடித்தனம் போயிருக்கும் உனக்கு எழுதுவது. போன ஞாயிற்றுக்கிழமை மண்டப வாசலில் வேன் கிளம்பும்போது, கட்டிக்கொடுத்த பெண்கள் எல்லாரும் அழுதுகொண்டே "உடம்பப் பாத்துக்கோ நைனா" என்று சொல்லுவார்களே, நீயும் அதைச் சொல்லுவாய், கண்ணைத் துடைத்துக்கொள்ளலாம் என்று துண்டை மடித்துத் தயாராக நின்றேன். நீ ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "நைனா, அந்தக் கீரைய மட்டும் இனிமே போடாத" என்றாய். வேன் போய்விட்டது. நான் பதில் சொல்லவில்லை. இதுதான் பதில். உனக்கு மட்டும் தனியாக எழுதியிருக்கலாம். எழுதினால் நீ அதை உன் சித்தப்பாவுக்கு மட்டும் படித்துக் காட்டுவாய், அவன் மட்டும் உட்கார்ந்து சந்தோஷப்படுவான். அந்த வாய்ப்பை அவனுக்குக் கொடுக்க மனமில்லாததால் ஊரறிய எழுதுகிறேன்.

சித்தப்பா என்று நீ மரியாதையாகச் சொல்லும் அந்த ஆள் உன் அம்மாவின் தங்கை புருஷன், எனக்குச் சகலை. அவனைப் பார்த்துப் பொறாமைப்படுவதையே நான் முழுநேரத் தொழிலாகச் செய்தேன். அம்பத்தூர் எஸ்டேட் பட்டறையில் லேத் ஓட்டினதெல்லாம் பகுதிநேரம். நான் பொறாமையில் ஒரு பெருமூச்சு விட்டால் எஸ்டேட்டில் பாய்லர் வைக்கத் தேவையில்லை. அவன் கல்யாண மாலை என் கல்யாண மாலையைவிட நான்கு விரற்கடை நீளம், பந்தலிலேயே அளந்தேன். எனக்கு முன்தலை விமான ஓடுதளம் மாதிரி ஆனபோது அவனுக்கு ஒரு மயிர்கூட உதிரவில்லை. உன் அம்மாவைப் பெற்ற தாத்தா நிலத்தைப் பிரித்தபோது கிணறு இருக்கிற பள்ளப் பக்கம் எனக்கு வந்தது, மேட்டுப் பக்கம் அவனுக்குப் போனது. அன்றைக்கு நான் சிரித்த சிரிப்பு திருவேற்காடு வரைக்கும் கேட்டிருக்கும். ஆனால் மேட்டில் அவன் போட்ட அரைக்கீரை என் அரைக்கீரையைவிடப் பச்சையாக வந்தது. கிணறு இல்லாதவனுக்கு எப்படி வரும்? ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவனுக்கு எப்படி வரும்? இந்தக் கேள்வியில் என் நடுவயது முழுக்கக் கரைந்தது.

கோடையில் ஏரி வற்றினால் வண்டல் எடுத்து நிலத்தில் பரப்புவது நம் பக்கத்து வழக்கம் என்று உனக்குத் தெரியும். சகலை வருஷம் தவறாமல் ஏரி வண்டல் அடிப்பான், கூடவே சாணி எரு போடுவான். அவனை ஒரேயடியாக மண்ணைக் கவ்வ வைக்க அதைவிடப் பெரிதாக ஏதாவது செய்ய வேண்டும் என்று நான் துடித்துக்கொண்டிருந்த காலத்தில்தான், பட்டறைகளுக்குப் பின்னால் ஓடுகிற கழிவு ஓடை ஒன்றைத் தூர் வாரி, லாரி லாரியாக எடுத்துப்போவதைப் பார்த்தேன். அப்பப்பா, என்ன கறுப்பு. கண்ணுக்கு எடுத்து இட்டுக்கொள்ளலாம் போல ஒரு கறுப்பு, மேலே எண்ணெய் மினுக்கு வேறு. லாரியை நிறுத்தினேன். "கொட்றதுக்கு எடம் தேடிகினு கீறேன் பெருசு, உனுக்கு ஓணுமா?" என்றான் டிரைவர். உலகத்தையே ஏமாற்றி வாங்குகிற சந்தோஷத்தோடு, "மொத்தத்தையும் கொட்டு" என்றேன். உன் அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு வரப்பில் நின்று, "இன்னாயா இது, இந்த நாத்தம் நாறுது?" என்று கேட்டாள். "சத்து அப்படித்தான் நாறும். உன் தங்கச்சி ஊட்டுக்காரன் மண்ணுக்கு நாறக்கூட வக்கில்ல" என்றேன். மகளே, புகுந்த இடத்தில் நீ யாரைப் பார்த்தாவது பொறாமைப்படத்தான் போகிறாய், என் ரத்தம் சும்மா விடாது. தாராளமாகப் படு. ஆனால் அந்த வேகத்தில் ஒரு பொருளை வீட்டுக்குள் கொண்டுவருவதற்கு முன்னால், அது எங்கேயிருந்து வருகிறது என்று ஒரு வார்த்தை கேட்டுவிடு. நான் கேட்கவில்லை.

முதல் வருஷம் என் கீரை வளர்ந்த வளர்த்தியில் ஒவ்வொரு இலையும் யானைக் காது. சாக்கடையில் இருக்கிற தழைச்சத்து செய்கிற வேலை அது என்று நீ பிற்பாடு சொன்னாய்; அன்றைக்கு அது என் வெற்றிக்கொடி. பிறகு வந்த வருஷங்களில் நிலம் ஒரு மாதிரியாக நடந்துகொள்ள ஆரம்பித்தது. போட்ட சாணி போட்டபடியே காய்ந்து வறட்டியாயிற்று. போன வருஷத்து வைக்கோல் இந்த வருஷமும் புதுமாப்பிள்ளை மாதிரி மஞ்சளாகக் கிடந்தது. மண்புழு ஒன்றுகூடத் தலை காட்டவில்லை. முதல் மழை விழுந்தால் வரப்புக்கு அந்தப் பக்கம் மண் வாசனை ஊரைத் தூக்கும், இந்தப் பக்கம் ஒன்றும் வராது. நான் வரப்பில் நின்று மூக்கை மட்டும் அவன் எல்லைக்குள் நீட்டி முகர்ந்திருக்கிறேன். வாசனையைக்கூட அவன் தன் பக்கம் திருப்பிக்கொண்டான் என்றுதான் நினைத்தேன். ஆனாலும் என் நிலம் சுத்தம், புழு பூச்சி இல்லாத ராஜநிலம் என்று எனக்கு நானே பட்டம் கட்டிக்கொண்டு, அந்தக் கீரையைச் சேக்காட்டுத் தெருக்களில் கூவி விற்றேன்.

அப்போதுதான் நீ மண்ணிலிருக்கும் நுண்ணுயிர்களைப் படிக்கிறேன் என்று காலேஜிலிருந்து வந்தாய். கலெக்டருக்குப் படிப்பாய் என்று பார்த்தால் கண்ணுக்கே தெரியாத பூச்சிக்குப் படித்தாய். பரவாயில்லை. வந்த முதல் நாளே என்னிடமும் சகலையிடமும் ஆளுக்கொரு புது பனியன் கேட்டாய். சுத்தமான பருத்தியாக இருக்க வேண்டும் என்றாய். "எதுக்கு பாப்பா?" என்றதற்கு, "பொதைக்கப் போறேன்" என்றாய். இரண்டு நிலத்திலும் ஒரு சாண் ஆழத்தில் புதைத்தாய். இரண்டு மாதம் கழித்துத் தோண்டின அன்று நான் குளித்து, விபூதி பூசி, பந்தயத்துக்குப் போகிறவன் போல வந்து நின்றேன். முதலில் சகலையின் நிலம். கழுத்துப் பட்டியில் ஓடுகிற நைலான் தையலும் கம்பெனிச் சீட்டும்தான் வந்தன. "இன்னா சகல, உன் நெலத்துல பனியன் திருடன் கீறானா?" என்றேன். அவன் அந்த நூலைக் கையில் வைத்துக்கொண்டு முழித்தான். அடுத்து என் நிலம். மகளே, என் பனியன் சலவைக்குப் போய் வந்தது போல முழுசாக எழுந்து வந்தது. ஒரு பொத்தல் இல்லை.

வாழ்நாளில் முதன்முதலாக அவனை ஜெயித்துவிட்டேன் என்று நம்பினேன். நீ அந்தப் பக்கம் திரும்பியதும் பனியனை எடுத்துக் கிணற்றில் அலசி, பிழிந்து, ஈரத்தோடு போட்டுக்கொண்டு டீக்கடைக்குப் போனேன். அங்கே நான் ஆற்றிய உரையை இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள். "என் மண்ணு அடுத்தவன் பொருளத் தொடாது. யோக்கியமான மண்ணு" என்றேன். "அப்போ உன் நெலத்துலயே நகையப் பொதச்சு வெச்சுக்கலாம் போல கீதே நைனா" என்றார் கடைக்காரர். பின்னாலேயே வந்த சகலை, பாவி, அதையும் ஒத்துக்கொண்டான்: "அண்ணாத்தே மண்ணு ராசியான மண்ணுதான், ஒத்துக்கத்தான் ஓணும்." நான் மிதந்துகொண்டிருந்தேன். நீ மூச்சு வாங்க ஓடி வந்து, அத்தனை பேர் முன்னால், "நைனா, மொதல்ல அந்த பனியனக் கழட்டு" என்றாய்.

வீட்டுக்குக் கூட்டிவந்து, சோப்புப் போட்டு என்னைக் குளிக்கவைத்து, பிறகு சொன்னாய். "பந்தியில ஆளே இல்லன்னா சாப்பாடு அப்பிடியேதான் கெடக்கும் நைனா. அத்தப் பாத்து சமையல் சுத்தம்னு சொல்லுவியா?" பருத்தியும் வைக்கோலும் சாணியும் மண்ணிலிருக்கும் நுண்ணுயிர்களுக்குச் சாப்பாடு. ஒரு சிட்டிகை மண்ணுக்குள் ஒரு தேசமே குடியிருந்து, போட்டதையெல்லாம் தின்று செரித்துச் செடிக்குச் சத்தாக மாற்றித் தருகிறது. பயறு வேரில் முடிச்சுப் போட்டு உட்கார்ந்துகொண்டு காற்றிலிருந்தே தழைச்சத்தைப் பிடித்துத் தருகிறது. மழைக்கு வருகிற அந்த வாசனைகூட அவற்றின் வேலைதான் என்றாய். நான் ஆசைப்பட்டு வாங்கிக் கொட்டின கறுப்பில் குரோமியம், நிக்கல், கேட்மியம், காரீயம் என்று முலாம் பட்டறைகளின் கழிவெல்லாம் இருந்திருக்கிறது. அவை மக்காது, ஆவியாகாது, வயசாகாது. மென்மையான உயிர்கள் முதலில் செத்துப்போகும். தப்பிப் பிழைத்தவை தின்கிற சோறெல்லாம், உள்ளே புகுந்த விஷத்தை வெளியே தள்ளுவதற்கே சரியாகப் போய்விடும். "சம்பளம் பூரா ஆஸ்பத்திரிக்கே போற ஊடு மாதிரி. உள்ள ஆளு கீது. ஆனா அடுப்பு எரியாது" என்று நீ சொன்னபோது, நிலம் போயிற்று என்று புரிந்து உன் அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள். எனக்கும் உறைத்தது. ஆனால் எனக்கு உறைத்தது வேறு: அப்படியானால் அந்தத் தேசம் பூராவும் வரப்புக்கு அந்தப் பக்கம் சகலையிடம் இருக்கிறது.

கொஞ்ச நாள் கழித்து எங்கள் இரண்டு பேரையும் காலேஜுக்கே கூட்டிப்போய், கண்ணாடித் தட்டுகளில் வளர்த்ததைக் காட்டினாய். சகலையின் தட்டு காலை நேரத்து ஆவடி ஸ்டேஷன். வெள்ளை, மஞ்சள், ரோஸ் என்று நிற்க இடமில்லை. என் தட்டு பந்த் அன்றைக்குப் பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டு. ஓரமாக இரண்டு மூன்று புள்ளிகள் மட்டும். நான் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்கும்போது நீ என் தட்டின் மேல்தான் குனிந்தாய். "இதுங்கதான் எனக்கு ஓணும். குரோமியத்த ஊத்தினாலும் வளருதுங்க" என்றாய். உன் குரலில் இருந்த ஆசையைக் கேட்டதும் எனக்கு உயிர் வந்தது. சகலை முகம் சுருங்கிப்போய், "என் மண்ணுல அந்த மாதிரி ஒண்ணுகூட இல்லியா பாப்பா?" என்று கேட்டான். அந்த ஒரு கேள்விக்காகவே நான் பிறவி எடுத்தேன் என்று தோன்றியது. திரும்பி வரும் வழியெல்லாம், என் நிலத்துப் பசங்கள் ஆசிட்டை மோர் மாதிரிக் குடிப்பார்கள், இரும்பை முறுக்கு மாதிரிக் கடிப்பார்கள், ஒவ்வொருத்தனும் ஒரு வீரன் என்று ஷேர் ஆட்டோவில் இருந்த எல்லோருக்கும் சொன்னேன். நீ வெளியே பார்த்துக்கொண்டே, "வீரன்லாம் இல்ல நைனா. மிச்சம்" என்றாய்.

அடுத்து நீ இரண்டு பேருடைய கீரையையும் பரிசோதித்தாய். என் கீரையில் கேட்மியம் இருக்கக் கூடாத அளவுக்கு இருக்கிறது, சித்தப்பாவுடையதில் பயமில்லை என்று சொன்னாய். நான் அதை ஒரு பரிசோதனையாகக் கேட்கவில்லை, தீர்ப்பாகக் கேட்டேன். இத்தனை வருஷத்துப் பந்தயத்தில் நான் பெற்றவளே அவன் பக்கம் கொடி அசைத்துவிட்டாள் என்றுதான் கேட்டேன். "உனுக்கு அவன்தான் ஒசத்தின்னா, அவன் ஊட்டுலயே போய் இருந்துக்கோ" என்றேன். நீ "கீரை யார் ஊட்டுக்குப் போவுதுன்னு யோசி நைனா" என்று மட்டும் சொன்னாய். நான் யோசிக்கவில்லை. மறுநாளும் அறுத்தேன், மறுநாளும் விற்றேன். அதோடு நில்லாமல், உன் கல்யாணப் பந்தியில் கீரைக் கூட்டு என் நிலத்துக் கீரையில்தான் என்று பத்திரிகை வைத்த வீட்டிலெல்லாம் முழங்கிவிட்டு வந்தேன். நீ அதற்கும் ஒன்றும் சொல்லாததை, நான் ஜெயித்ததாக எடுத்துக்கொண்டேன்.

கல்யாணத்தன்று விடியற்காலையே என் கீரை மூட்டைகள் திருவேற்காட்டு மண்டபத்துக்குப் போயின. பந்தி தொடங்கியதும் கீரைக் கூட்டு வாளியை நானே பிடுங்கிக்கொண்டு வரிசையில் இறங்கினேன். பெண்ணைப் பெற்றவன் பரிமாறக் கூடாது என்று இழுத்தவர்களைத் தள்ளிவிட்டேன். ருசி என்றால் அப்படி ஒரு ருசி. சம்பந்தி வீட்டார் இலையைக் கழுவ வேண்டிய அவசியமே இல்லாதபடி வழித்தார்கள். எதிர் வரிசையில் சாம்பார் ஊற்றிக்கொண்டு வந்த சகலை, "அண்ணன் நெலத்துக் கீரை, இன்னும் ரெண்டு கரண்டி போட்டுக்கோங்க" என்று எனக்கு முன்னால் கூவிக்கொண்டே போனான். சேக்காட்டில் என்னிடம் வாரா வாரம் கீரை வாங்கும் ஒரு பிள்ளைத்தாச்சிப் பெண்ணும் வந்திருந்தாள். "வெளிய கீரை வாங்கவே பயமா கீது நைனா, உன்னுதுன்னாதான் தைரியமா துன்றேன்" என்றாள். அவள் இலையில் நான் மூன்று கரண்டி போட்டேன்.

பந்தி முடிந்து, பாத்திரம் எண்ணிக் கொடுக்கச் சமையல்கட்டுக்குப் பின்னால் இருக்கும் அறைக்குப் போனேன். என் மூட்டைகள் அங்கே இருந்தன. கட்டின கயிறு கட்டினபடி, ஒன்றுகூட அவிழ்க்கப்படாமல், சுவரோரம் சாய்ந்திருந்தன. சமையல்காரரைக் கேட்டதற்கு, "பொண்ணு வேற கீரை அனுப்பிச்சுதே, அந்த ஆட்டோக்காரர் எடுத்துகினு வந்தாரே" என்றார். எனக்குக் கோபம் கிளம்பியது. மண்டபத்தையே தலைக்கு மேல் தூக்கிச் சம்பந்தி வீட்டார் மேல் போட்டுவிடலாம் போல ஒரு கோபம். அவனுடைய கீரையை என் கையால் பரிமாறி, அவனுடைய பேரை என் பேராகக் கேட்டு, அவனே அதைக் கூவிக்கூவிக் கொடுத்து, கடைசியில் பெருந்தன்மையிலும் என்னைத் தோற்கடித்துவிட்டான். அப்போது அந்தப் பிள்ளைத்தாச்சியின் இலை எனக்கு ஞாபகம் வந்தது. மூன்று கரண்டி. மூட்டைகளைப் பார்த்தேன். அவை அவிழ்க்கப்படவில்லை. மகளே, சகலையின் கீரை ஜெயித்ததற்காக நான் நிம்மதியாக மூச்சு விட்டது அந்த ஒரு தடவைதான். மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டேன். ஆனால் உடனே இன்னொன்றும் தோன்றியது: அவள் அன்றைக்கு மட்டுமா சாப்பிட்டாள்?

அதனால்தான் மண்டப வாசலில் உனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. மறுநாள் காலையில் நிலத்துக்குப் போய்ப் பாத்திகளை வேரோடு பிடுங்கினேன். மண்டபத்து மூட்டைகளையும் சேர்த்து, மாட்டுக்கும் போடாமல், குப்பையிலும் போடாமல், என் நிலத்து மூலையிலேயே குழி வெட்டி மூடினேன். வரப்பில் வந்து நின்ற சகலையிடம், "உன் கீரையில ஒரு கூடை குடு" என்றேன். "ஊட்டுக்கா அண்ணாத்தே?" "இல்ல, சேக்காட்டுக்கு." அவன் சிரித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். சிரிக்கவில்லை. கூடையை நிரப்பித் தலையில் தூக்கி வைத்து, "உன் கீரைன்னே சொல்லிக்க அண்ணாத்தே, இன்னா இப்போ" என்றான். "கல்யாணத்துல சொன்னது போதும்" என்றேன்.

சேக்காட்டில் அந்தப் பெண் வழக்கம்போல வாசலில் நின்றாள். ஒரு கீரைக் கட்டைக் கையில் எடுத்து, "இன்னிக்கு ரொம்பப் பசேல்னு கீதே நைனா" என்றாள். "என் சகலையோடது. என்னுது இனிமே வராது. என் மண்ணுல விஷம் ஏறிப்போச்சுன்னு என் பொண்ணு கண்டுபுடிச்சிட்டா" என்றேன். ஐம்பது ஊர் கேட்கக் கூவின தொண்டை, அதைச் சொல்லும்போது பக்கத்து வீட்டுக்கே கேட்டிருக்காது. அவள் கட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அப்போ போன வாரம் வரைக்கும் குடுத்தது?" "என் நெலத்துது." அவள் கையை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள். டாக்டரிடம் போகும்போது இதை மறக்காமல் சொல் என்றேன். தலையாட்டிவிட்டு, கட்டைத் திருப்பிக் கூடையிலேயே வைத்தாள். சகலையின் கீரையும் அன்றைக்கு அவள் வீட்டுக்குள் போகவில்லை. மற்ற வாடிக்கை வீடுகளுக்கும் இதையே சொல்லிக்கொண்டு நடந்தேன். சில வீட்டில் திட்டினார்கள், சில வீட்டில் தண்ணீர் கொடுத்தார்கள். இரண்டையும் வாங்கிக்கொண்டேன்.

ஆக, உனக்குப் பதில்: கீரை போடவில்லை, போடவும் மாட்டேன். நீ சொன்னபடி சுண்ணாம்பும் மக்கின எருவும் அடிக்கிறேன். வாயில் வைக்கிற பொருள் எதுவும் வேண்டாம், சாமந்தி போடுகிறேன். உலோகம் போகாது, ஆனால் எருவோடு ஒட்டி அடங்கினால் மண்ணைவிட்டுப் போன உயிர்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பலாம் என்று நீ சொல்லியிருக்கிறாய். அதைப் பார்க்க எனக்கு ஆயுசு போதுமா தெரியவில்லை. சகலைக்குப் போதும், அவன் தலைமுடியைப் பார்த்தாலே தெரிகிறது. பொறாமை என்னைவிட்டுப் போய்விட்டது என்று எழுதினால் நீ நம்பமாட்டாய், போகவும் இல்லை. இந்தக் கடிதத்தை எழுதும்போதுகூட உன் சித்தி ஜன்னல் வழியாக, நீ ஊர் போய்ச் சேர்ந்ததும் அவர்களிடம் அரைமணி நேரம் பேசினாய் என்று சொல்லிவிட்டுப் போகிறாள். மண் விஷயத்தில் நீ சொன்னதை எல்லாம் கேட்கிறேன். நீ இது ஒன்றை மட்டும் கேள். இனி போன் பண்ணினால் முதலில் எனக்குப் பண்ணு. பிறகு அவனுக்கு.

உன் நைனா